விரலால் இழுக்கும் காம்பவுண்ட் வில்: எங்கே தப்பு, எப்படிச் சரி செய்வது

"அண்ணா, அம்பு ரெஸ்ட்ல நிக்கவே மாட்டேங்குதுங்க."

இரண்டு நுனியிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் வாங்கி, நாணைக் கொக்கியால் பிடித்து விடும் ரிலீஸ் கருவியைப் பிடிக்காமல் விரலாலேயே எய்து பார்க்கிறவர்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ரெஸ்ட் என்பது வில்லில் அம்பு உட்காரும் தாங்கி. "வில்லு நீளம் எத்தனை இஞ்ச்சுங்க?" என்று திருப்பிக் கேட்பேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எத்தனை பவுண்டு என்று தெரியும், வேகம் தெரியும், கொடுத்த காசு நன்றாகவே தெரியும். நீளம் மட்டும் தெரியாது.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். பெருந்துறைக்குப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில், பனியன் வேஸ்ட்டைச் சாக்கில் இறுக்கி அடைத்து இலக்காக வைத்து ரிகர்வ் (சக்கரமில்லாத, நுனி வளைந்த வில்) எய்துகொண்டிருந்தேன். காம்பவுண்ட் மேல் ஆசை வந்தது. விரலை விட மனசில்லை. கடைக்காரர் ஒரு குட்டை வில்லைக் கையில் கொடுத்து "எல்லாத்துக்கும் ஆகும்" என்றார். 30 இஞ்ச். ரிலீஸ் போட்டு எய்தால் அருமையான வில். என் விரலுக்கு அது எலிப்பொறி.

காரணம் சுலபம். அமெரிக்காவின் மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காம்பவுண்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1969-இல் வாங்கினார். அந்தக் காலத்தில் விரலால் இழுப்பதே வழக்கம். வில்லும் நீளமாக, உருண்டைச் சக்கரத்தோடு வந்தது. பிறகு ரிலீஸ் பரவியது. நாணை ஒரே புள்ளியில் கொக்கி பிடிக்கும்போது வில் எவ்வளவு குட்டையானாலும் கவலை இல்லை. வேட்டைக்காரர்கள் மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து எய்யக் குட்டை வில்லே வசதி என்று அது 28, 30, 32 இஞ்ச்சுக்குச் சுருங்கியது. இன்று கடையில் சுலபமாகக் கிடைப்பது அதுதான். வேட்டையே சட்டவிரோதமான நம் ஊரில் வேட்டை வில் விற்கிறார்கள் என்பது தனி வேடிக்கை. தோட்டத்தில் மயிலும் பன்றியும் பயிரை அழிக்கிறது என்று வில்லோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் வலக்கையால் இழுப்பவர்களுக்கு. இடக்கைக்காரர் இடம் வலத்தை மாற்றிப் படிக்கவும்.

இழுக்கும்போதே அம்பு ரெஸ்ட்டை விட்டு விழுகிறது

முதலில் ஒரு சோதனை. வீட்டுக் கதவு நிலையில் மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி வைத்து நூல் கட்டி, நடுவில் மூன்று விரலால் இழுத்துப் பாருங்கள். விரல்கள் நிம்மதியாக இருக்கும். அதே நூலைச் சின்ன ஜன்னலில் கட்டி அதே தூரம் இழுங்கள். நூல் கூராக மடங்கி மேல்விரலையும் கீழ்விரலையும் நடுவிரலை நோக்கி நெருக்கும். நடுவில் அம்பின் நாக் (நாணில் மாட்டும் வால் நுனி) இருந்தால் அதையும் சேர்த்துக் கிள்ளும். கிள்ளிய நாக் அம்பைத் திருப்பிவிடுகிறது. அம்பு இடப்பக்கமாக நழுவி விழுகிறது.

அந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வில்லில் பெயர் ஆக்ஸில் டு ஆக்ஸில் நீளம். மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ் சக்கரத்தின் அச்சு வரை உள்ள தூரம். விரலுக்கு 40 இஞ்ச்சும் அதற்கு மேலும் நல்லது. 38 பரவாயில்லை. 36-க்குக் கீழே போனால், உங்கள் டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) குறைவாக இருந்தால் ஒழிய, போராட்டம்தான். இந்தக் கடைசிச் சொல் முக்கியம். 26 இஞ்ச் இழுக்கும் ஒரு பெண்ணுக்கு 36 இஞ்ச் வில் தரும் கோணமும், 30 இஞ்ச் இழுக்கும் நெட்டையருக்கு அதே வில் தரும் கோணமும் ஒன்றல்ல. நெட்டையாக இருப்பவர் நீளமான வில்லையே தேட வேண்டும்.

வில்லை மாற்றுவதற்கு முன், காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. நாணில் டி-லூப் என்ற சின்னக் கயிற்று வளையம் கட்டியிருந்தால் கழற்றுங்கள். அது ரிலீஸ் கொக்கிக்கு ஆனது. அதற்குப் பதில் நாக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு நாக்கிங் பாயிண்ட் (நாக் நகராமல் தடுக்கும் முடிச்சு) நூலால் கட்டுங்கள். நாக் இடையில் அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் இறுகவும் கூடாது. முழுக்க இழுக்கும்போது நாண் மடங்குகிறது, அந்த மடிப்புக்கு ஒரு மயிரிழை இடம் விட வேண்டும். விரலைக் காக்கப் போடும் தோல் டேப்பில், விரலுக்கு நடுவே தடுப்பு வைத்தது வாங்குங்கள்.

அடுத்தது கை. நுனிவிரலால் பிடித்து, இழுக்க இழுக்க விரலைச் சுருட்டுகிறவர்கள் நாணையும் சேர்த்து முறுக்குகிறார்கள். கிணற்றில் வாளி இறைத்த கையை நினைத்துக்கொள்ளுங்கள்: கயிறு முதல் மடிப்பில் உட்காரும், புறங்கை தட்டையாக இருக்கும், மணிக்கட்டு மடங்காது. அதேபோல் நாணைப் பிடித்தால் பாதி வியாதி போய்விடும். அப்படியும் விழுந்தால் மூன்று விரலையும் நாக்குக்குக் கீழே வைத்து ஒருமுறை எய்து பாருங்கள். அம்பு நின்றுவிட்டதென்றால் கிள்ளுவது உங்கள் மேல்விரல். நாக்கிங் பாயிண்ட் உயரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு அப்படியே தொடரலாம்.

இத்தனையும் செய்து, 30 இஞ்ச் வில்லில் இன்னும் விழுகிறதென்றால் அந்த வில்லை ரிலீஸ்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தேன். அவர் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மோதிர விரல் மரத்துப்போகிறது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வலித்தால் பவுண்டைக் குறைப்போம். லிம்ப் (வில்லின் மேலும் கீழும் வளையும் பட்டை) போல்ட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவு தளர்த்தி 50-ஐ 40 ஆக்குவோம். நடு இழுப்பில் வரும் உச்சப் பாரம் குறைந்து விரலுக்குச் சுகம்தான். ஆனால் முழுக்க இழுத்து நிற்கும்போது விரலில் மிச்சமிருக்கும் பாரமும் சேர்ந்து குறைகிறது. அது ஏன் தப்பு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

வலிக்கு முதல் காரணம் மறுபடியும் கோணம்தான். இரண்டாவது காரணம், மூன்று விரலும் சமமாகப் பாரம் சுமக்க வேண்டும் என்று நினைப்பது. காம்பவுண்டில் அப்படி வேண்டியதில்லை. மூன்று விரலால் இழுத்து, கேம் (வில் நுனிச் சக்கரம்) உருண்டு பாரம் குறைந்ததும் மோதிர விரலையோ மேல்விரலையோ நாணிலிருந்து தளர்த்திவிட்டு இரண்டு விரலில் நிற்பவர்கள் நிறைய. ரிகர்வில் இருந்து வந்தவர்களுக்கு இது பாவம் செய்வது போல் இருக்கும். பழகிவிடும்.

டேப் பற்றி: ஈரோட்டில் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பை தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலில் வெட்டிய டேப் ஒரே மாதத்தில் நாண் தடம் விழுந்து பள்ளமாகிவிடும். இரண்டு அடுக்கு வைத்துத் தையுங்கள். நாண் படும் பக்கம் வழுவழுப்பாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் வியர்வை ஊறினால் தோல் நாணோடு ஒட்டும். கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் போதும்.

மரத்துப்போனது மறுநாளும் போகவில்லை என்றால் வில்லை மாட்டி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். நரம்பு அழுந்தியதை டேப் மாற்றிச் சரி செய்ய முடியாது.

மேல் கீழ் சரியாக இருக்கிறது, இடம் வலம் மட்டும் சிதறுகிறது

விரலால் எய்பவரின் குலத்தொழில் வியாதி இது. ரிலீஸில் நாண் நேராக முன்னே போகிறது. விரலில் இருந்து விடும்போது விரல் நுனியைச் சுற்றி வழுக்கி ஒரு சிறு வளைவு போட்டுவிட்டுத்தான் போகிறது. அதனால் அம்பு பக்கவாட்டில் நெளிந்துகொண்டே புறப்படும். இந்த நெளிவு இல்லாமல் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நெளிய வைக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு விரலில் பாரம் வேண்டும். கட்டிய மாடு கயிற்றை இறுக்கி இழுத்துக்கொண்டிருக்கும்போது கையை விட்டால் கயிறு விசுக்கென்று போகும். மாடு சும்மா நின்றால் கயிறு கையோடு தொங்கும், நாம்தான் உதற வேண்டும். நாணும் அப்படித்தான். இப்போது கணக்கைப் பாருங்கள். 50 பவுண்டு வில், 65 சதவீதம் லெட்-ஆஃப் (முழுக்க இழுத்ததும் குறையும் பாரம்): கையில் நிற்பது 17.5 பவுண்டு. அதே 50 பவுண்டு, 80 சதவீதம்: 10 பவுண்டு. வலிக்கிறது என்று 40-க்குக் குறைத்த 80 சதவீத வில்: வெறும் 8. எட்டுப் பவுண்டில் நாண் தானாக ஓடாது. நீங்கள் விரலைத் திறந்து விட வேண்டியிருக்கும், அந்தத் திறப்பு ஒருமுறை போல் மறுமுறை இருக்காது.

ஆகவே லெட்-ஆஃப் 65 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள வில்லைத் தேடுங்கள். கடைக்காரர் 85 சதவீதம் என்று பெருமையாகச் சொன்னால், அது அடுத்தவருக்கான பெருமை. சில மாடல்களில் கேமில் உள்ள மாடியூல் என்ற கழற்றக்கூடிய துண்டை மாற்றியோ, இழுப்பை நிறுத்தும் டிரா ஸ்டாப் ஆணியை நகர்த்தியோ லெட்-ஆஃப்பைக் குறைக்கலாம். ஆணியை நகர்த்தினால் டிரா லெங்த்தும் கொஞ்சம் நகரும், கவனம்.

பிள்ளைகளுக்கு என்றால் ஜெனிசிஸ் வில் இருக்கிறது. லெட்-ஆஃப் அறவே கிடையாது. 10 முதல் 20 பவுண்டு வரை மாற்றலாம். 15 முதல் 30 இஞ்ச் வரை யார் இழுத்தாலும் பொருந்தும். அமெரிக்காவில் 2002-இல் கென்டக்கியில் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே எல்லாப் பிள்ளைகளும் விரலால்தான் எய்கிறார்கள். அண்ணன் தம்பி அக்கா எல்லோருக்கும் ஒரே வில் போதும் என்பது நம் வீடுகளுக்கு ஏற்ற கணக்கு.

வில் சரியாக இருந்தும் சிதறினால் கையைச் சோதியுங்கள். சாக்குக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று, குறி எதுவும் ஒட்டாமல், அம்பைச் சாக்குக்கு நேராக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எய்யுங்கள். பின்னால் யாரும் இல்லாத இடமாக இருக்கட்டும். விட்ட பிறகு உங்கள் கை எங்கே நிற்கிறது என்று கூட நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தை ஒட்டிப் பின்னால் போயிருந்தால் நல்லது. முகத்தை விட்டு வெளியே வீசினாற்போல் இருந்தால் நாணைப் பிய்க்கிறீர்கள், அம்பு இடப்பக்கம் போகும். இப்படி நாளுக்கு முப்பது அம்பு, இரண்டு வாரம். அலுப்பான வேலை. வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று, ஆனி ஆடியில் இந்தச் சோதனையை வெளியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையையே சுற்றுகிறது, உங்கள் அம்பை விடுமா. ஆடிக்காற்றில் 50 மீட்டரில் சிதறியதற்காக, அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் ஆணியான பிளஞ்சரைத் திருகிக்கொண்டே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும்.

இறகில்லாத அம்பு எப்போதும் ஒரே பக்கம் போகிறது

சிதறல் அடங்கிய பிறகுதான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். இறகு ஒட்டிய மூன்று அம்பு, இறகு இல்லாத இரண்டு, தூரம் 15 முதல் 20 மீட்டர். இறகில்லாதது இடப்பக்கம் குத்தினால் அம்பு விறைப்பு அதிகம். வலப்பக்கம் குத்தினால் தொய்வு.

விறைப்பு என்றால் பிளஞ்சரின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், போதாவிட்டால் முனையைக் கனமாக்குங்கள், அல்லது பவுண்டைச் சற்றுக் கூட்டுங்கள். தொய்வு என்றால் எல்லாவற்றையும் தலைகீழாக: ஸ்பிரிங்கை இறுக்குங்கள், முனையை இலேசாக்குங்கள், அம்பைக் கொஞ்சம் வெட்டுங்கள். வெட்டுவதைக் கடைசியாக வையுங்கள். வெட்டிய அம்பு வளராது.

ரிலீஸ்காரருக்கு அம்பு நாணுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். நமக்கு அப்படி இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் அம்பு முனை நாண் கோட்டுக்கு இடப்புறம் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை தள்ளித் தெரியட்டும். நெளிந்து புறப்படும் அம்புக்கு அந்த இடம் வேண்டும். ரிலீஸ்காரர் விற்ற வில்லை வாங்கியவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான், பலர் மாற்றுவதில்லை.

இறகில்லாத அம்பு மேலே குத்தினால் நாக்கிங் பாயிண்ட்டை மேலே ஏற்றுங்கள், கீழே குத்தினால் இறக்குங்கள். அம்பு எந்தப் பக்கம் போகிறதோ நாக்கிங் பாயிண்ட்டும் அந்தப் பக்கம் என்று நினைவு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தொடங்கும்போது, ரெஸ்ட்டிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் மட்டத்துக்குக் கால் முதல் அரை இஞ்ச் மேலே வைத்துத் தொடங்கலாம்.

இறகு கிழிகிறது, அல்லது அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகிறது

ரெஸ்ட் தப்பு. அம்பைச் சுற்றிலும் தூரிகை மாதிரி பிடித்துக்கொள்ளும் ரெஸ்ட், கீழே விழுந்துவிடும் டிராப்-அவே ரெஸ்ட் இரண்டுமே ரிலீஸுக்காகப் பிறந்தவை. ரிலீஸில் அம்பு மேலும் கீழுமாக வளைகிறது. விரலில் பக்கவாட்டில் வளைகிறது. பக்கவாட்டில் தாங்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் பிளஞ்சர். மெல்லிய கம்பி மடங்கும் ஃபிலிப்பர் ரெஸ்ட்டும் பிளஞ்சரும் என்ற பழைய ஜோடியே நமக்கு. வில் வாங்கும்போதே ரைசரில் (வில்லின் நடுப்பாகம்) பிளஞ்சர் திருகும் மரைத் துளை இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க என் வீட்டு வழி: தேங்காயெண்ணெயில் குங்குமம் குழைத்து ரெஸ்ட்டிலும் ரைசரின் ஓரத்திலும் கேபிளிலும் மெல்லத் தடவுங்கள். ஓர் அம்பு எய்யுங்கள். எந்த இறகில் பொட்டு விழுந்ததோ அது எதில் பட்டது என்று தெரிந்துவிடும். நாக்கைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் விலகிவிடும். உரசல் இருக்கும்போது மேலே சொன்ன விறைப்பு-தொய்வுச் சோதனை பொய் சொல்லும். ஆகவே இறகில்லாத அம்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. நான் வரிசை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

மேலும் கீழுமாகச் சிதறுகிறது

பெரும்பாலும் முழு இழுப்பிலிருந்து கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நழுவுவதால் வருவது. முதுகால் இழுத்துக்கொண்டே இருங்கள். வில்லின் பங்கு என்ன என்றால், வேகத்துக்காகச் செய்த கேம்களில் முழு இழுப்பில் பாரம் குறைந்து நிற்கும் பள்ளம் மிகக் குறுகல். கால் இஞ்ச் நழுவினாலும் வில் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். உருண்டைச் சக்கரமும், அதை ஒட்டிய மென்மையான கேமும் உள்ள வில்லில் பள்ளம் அகலம், சிறு நழுவலை மன்னிக்கும். வேகம் குறைவுதான். சாக்கு எங்கேயும் ஓடிவிடாது.

நாண் முன்கையில் அடிக்கிறது

வில்லைப் பிடிக்கும் கையின் முழங்கை மூட்டை வெளியே திருப்புங்கள். டிரா லெங்த் அதிகமாக இருக்கிறதா பாருங்கள்: கை இரண்டையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட வரும். விரல் நாணையே பிடிப்பதால், டி-லூப்பில் ரிலீஸ் மாட்டி எய்பவரைவிட நமக்கு அரை இஞ்ச் போல் அதிகம் தேவைப்படும். அதற்காக ஒன்றரை இஞ்ச் கூட்டிக்கொள்ளக் கூடாது. வில் ஓய்வில் இருக்கும்போது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரமான பிரேஸ் ஹைட் 7.5 இஞ்ச்சுக்கு மேல் இருக்கட்டும். 6 இஞ்ச் வில்லில் அம்பு நாணோடு அதிக நேரம் ஒட்டிக்கொண்டு போகும், அவ்வளவு நேரமும் உங்கள் விரல் செய்த தப்பைச் சுமந்துகொண்டு போகும்.

பீப் கண்ணுக்கு நேரே வருவதில்லை

விரலால் இழுப்பவர் கை தாடைக்குக் கீழோ வாயோரமோ எங்கே ஊன்றுகிறாரோ அதைப் பொறுத்து, நாணில் மாட்டிய குறிபார்க்கும் துளையான பீப்பின் உயரம் மாறும். விரல் நாணைத் திருகினால் பீப்பும் திரும்பிக்கொள்ளும். இடத்தை மாற்றிப் பாருங்கள், சலித்துப்போனால் கழற்றி எறியுங்கள். உதட்டில் படும் கிஸ்ஸர் பட்டன் ஒன்று போதும். போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் காம்பவுண்ட் பிரிவில் 60 பவுண்டு உச்சவரம்பு, 50 மீட்டர். ரிலீஸ்காரர்களோடுதான் நிற்க வேண்டும். ஃபீல்டு வில்வித்தைக்கான சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.ஏ.ஏ.-வில் விரலால் எய்யும் காம்பவுண்டுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானையிலிருந்து உடும்பு வரை துளைத்தான் என்கிறார்கள். அவனை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நாண் கேமை விட்டுக் கழன்றுவிட்டது

உடனே நிறுத்துங்கள். இழுக்காதீர்கள், கையால் மாட்டப் பார்க்காதீர்கள். லிம்ப்பில் இன்னும் முழு விசையும் இருக்கிறது. லிம்ப்பை அழுத்திப் பிடித்து நாணைத் தளர்த்தும் பவ் பிரஸ் உள்ள இடத்துக்கு எடுத்துப் போங்கள். நாணும் கேபிளும் கேமின் விளிம்பும் லிம்ப்பும் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மறுபடி இழுக்க வேண்டும்.

இது நடப்பதற்குக் காரணம் பக்கவாட்டு முறுக்கு. விரலைச் சுருட்டி நாணைத் திருகுகிறவர் முழு இழுப்பில் அதைக் கேமின் காடியிலிருந்து வெளியே தள்ளுகிறார். இழுத்துவிட்டு எய்யாமல் திரும்ப இறக்கும்போதும் இப்படி ஆகும். 10 பவுண்டில் நின்ற பாரம் கேம் திரும்பியதும் ஒரே தாவலில் 50-க்கு ஏறி, விரலிலிருந்து நாணைப் பிடுங்கும். அம்பு இல்லாமல் பிடுங்கினால் விசை முழுவதும் லிம்ப்பில் இறங்கி வில்லே உடையலாம். அதனால் கடையில் "சும்மா இழுத்துப் பாருங்க" என்று வில்லைக் கொடுத்தால் அம்பு கேளுங்கள், இலக்குக்கு நேராக நின்று இழுங்கள். இறக்கிப் பழகுவதும் குறைந்த பவுண்டில், அம்போடு. வில்லுக்கேற்ற கனமான அம்பாக இருக்கட்டும், பவுண்டுக்கு ஏழு எட்டு கிரெயின் (அம்பு எடையின் அளவு) என்றால் 45 பவுண்டுக்கு 315 முதல் 360 கிரெயின். இலேசான அம்பு வில்லையும் அதிர வைக்கும், விரல் தப்பையும் பெரிதாக்கும்.

பழைய வில், வாங்கலாமா?

விரலுக்கு ஏற்ற நீள வில்லைத் தேடினால் பழைய டார்கெட் வில்லில்தான் கண் போகும். லிம்ப் நுனி ரிகர்வ் போல் வளைந்த ஒனைடா என்ற வகையும் விரல்காரர்களுக்குப் பிடிக்கும், கண்ணில் படுவது அரிது. எதுவானாலும் நாண் எப்போது மாற்றியது, கேமுக்கு உங்கள் டிரா லெங்த் மாடியூல் கிடைக்குமா என்று கேளுங்கள். மாடியூல் கிடைக்காத வில் இலவசமாக வந்தாலும் அலங்காரப் பொருள்தான். கேம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஓர் அம்பை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள்.

லிம்ப்பை மட்டும் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்ப்பின் மேலும் கீழும் ஓரங்களிலும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலிலும் பஞ்சு இழை சிக்கி நிற்கும். சிக்கினால் பேரம் பேச வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போன மாதம் தாராபுரத்தில் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனேன். கூட வந்த பையனுக்கு 29 இஞ்ச் டிரா. வீட்டுக்காரர் பரணிலிருந்து உறையோடு ஒரு வில்லை இறக்கித் தூசி தட்டினார். அளவு டேப்பை வைத்து அளந்தேன், 41 இஞ்ச். உருண்டைச் சக்கரம், பிளஞ்சர் துளை, 65 சதவீதம் என்று லிம்ப்பில் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து.

"பழைய மாடலுங்க," என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "நீளமா வேற இருக்குது. வேகமும் கம்மிதானுங்க. அதான் வெல கொறச்சுச் சொல்றனுங்க."

பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து பஞ்சை எடுத்தேன்.